வீட்டை மகளுக்கும் மருமகனுக்கும் எழுதும்போது: வாசகர் கேள்விகளுக்குச் சட்டத்தரணியின் பதில்கள்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, திருமணமான ஒரு தம்பதியர் பேரில் காணியையோ வீட்டையோ எழுதுவது பற்றியவை. அவற்றுள் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதலாவது கடிதத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுவான சிக்கல்கள் இருப்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: உப்புவெளியில் என் தந்தையார் 1974 ஆம் ஆண்டு விலைக்கு வாங்கிய காணியிலுள்ள வீட்டில் வசிக்கிறேன். தந்தையார் 1998 இலும் தாயார் 2014 இலும் மரணசாதனம் எதுவும் எழுதாமல் காலமானார்கள். பிள்ளைகள் மூவர்: நான், நியூ ஜேர்சியில் அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாழும் தம்பி, 2006 இல் காலமான தங்கை. தங்கைக்குத் திருமணத்தின்போது பாலையூற்றில் ஒரு காணி சீதனமாகக் கொடுக்கப்பட்டதால், இந்த வீடு எனக்கும் தம்பிக்கும் சரிபாதி என்றே குடும்பத்தில் பேசிவந்தோம். தங்கையின் கணவரும் ஒரே மகனும் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். வீட்டை என் மகளுக்கும் மருமகனுக்கும் எழுதிவைக்க விரும்புகிறேன். தம்பி தன் பாதியை விட்டுத்தரச் சம்மதித்து, அங்கே வழக்கிலுள்ள குவிட்கிளெய்ம் உறுதியைத் தம்பதியர் இருவர் பேருக்கும் எழுதி, அங்குள்ள நொத்தாரிசு முன் கையெழுத்திட்டு அனுப்புவதாகச் சொல்கிறார். அவ்வாறு எழுதினால், தம்பதியரில் ஒருவர் இறந்ததும் வீடு தானாகவே மற்றவருக்குச் சேரும் என்கிறார். மருமகன் பருத்தித்துறையைச் சேர்ந்தவர். இப்படிச் செய்யலாமா?
(வாசகர், உப்புவெளி)

பதில்: தம்பியின் நல்ல மனதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவர் அனுப்பவிருக்கும் தாளால் உப்புவெளிக் காணியில் ஒரு பேர்ச் கூடக் கைமாறாது. ஏன் என்பதை விளக்குகிறேன்.

அமெரிக்காவில் குவிட்கிளெய்ம் உறுதி என்பது, ஒரு சொத்தில் தனக்கு ஏதேனும் உரிமை இருந்தால் அதை மற்றவருக்கு விட்டுக்கொடுப்பதாக ஒருவர் எழுதும் எளிய ஆவணம். தனக்கு உரிமை இருக்கிறது என்று எழுதுபவர் உறுதியளிப்பதில்லை. பின்னாளில் வேறொருவர் உரிமை கோரி வந்தால் தான் பொறுப்பு என்றும் சொல்வதில்லை. திருமணத்தின் பின் தனிப்பெயரிலுள்ள வீட்டை இருவர் பெயருக்கும் மாற்றவும், விவாகரத்தில் ஒருவர் விலகிக்கொள்ளவும், உடன்பிறந்தோர் பங்கை விட்டுத்தரவும் அங்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். அங்கும் அதற்கு எல்லைகள் உண்டு. வீட்டின் மீது வங்கிக் கடன் இருந்தால், உறுதியை எழுதிக் கொடுத்தவர் உரிமையை இழந்த பின்னும் கடனுக்குப் பொறுப்பாளியாகவே இருப்பார். தம்பி சொன்ன, எஞ்சியிருப்பவருக்கே முழுவீடும் சேரும் என்ற விளைவும் அங்கே உண்மைதான். நியூ ஜேர்சி உட்படப் பல மாநிலங்களில், கணவன் மனைவி இருவர் பேருக்கும் எழுதப்படும் வீடு அவர்கள் பிரிக்கமுடியாத ஒரே அலகாக வைத்திருக்கும் சொத்தாகக் கருதப்படுகிறது. ஒருவர் இறந்தால் மற்றவர் முழுவதற்கும் உரிமையாளராகிறார். ஆனால் அது அந்த மாநிலங்களின் சட்டம். நிலத்தின் உரிமை, அந்த நிலம் இருக்கும் நாட்டின் சட்டப்படியே கைமாறும்.

இலங்கையில் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச்சட்டப்படி, காணியை விற்பதும் நன்கொடையாகக் கொடுப்பதும் ஈடு வைப்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கையெழுத்திடுபவர், இரண்டு சாட்சிகள், இலங்கையில் உரிமம் பெற்ற நொத்தாரிசு ஆகியோர் ஒரே வேளையில் ஒரே இடத்தில் இருந்து கையெழுத்திட்டு அத்தாட்சிப்படுத்த வேண்டும். இல்லாவிடின் அந்த ஆவணத்துக்குச் சட்ட வலு இல்லை. அமெரிக்க நொத்தாரிசு கையெழுத்திட்டவர் யார் என்பதைச் சரிபார்த்து முத்திரை குத்துபவர் மட்டுமே. நம் நாட்டு நொத்தாரிசோ காணிப் பதிவகத்தின் ஏடுகளைத் தேடி, உறுதியை வரைந்து, அதன் ஒரு பிரதியைத் தன்னிடம் பேணி, மற்றொரு பிரதியை அடுத்த மாதம் 15 ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பக் கடமைப்பட்டவர். ஒருவர் செய்யும் வேலையை மற்றவரின் முத்திரை ஈடுசெய்யாது.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகுந்த கவலையளித்த விடயத்துக்கு வருகிறேன். தம்பியின் பங்கு பாதி அல்ல; உங்களுடையதும் பாதி அல்ல. நீங்கள் திருகோணமலையில் நிரந்தரமாக வாழ்ந்த, தேசவழமை (வட மாகாணத் தமிழர்களுக்குரிய வழமைச் சட்டம்) பொருந்தாத குடும்பம் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள் மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச்சட்டமே உங்களுக்குப் பொருந்தும். அதன்படி, மரணசாதனம் இன்றி ஒருவர் இறந்தால் அவரது சொத்தில் பாதி எஞ்சியிருக்கும் வாழ்க்கைத்துணைக்கும், மறுபாதி ஆண் பெண் வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகவும் சேரும். 1998 இல் தந்தையார் இறந்தபோது பாதி தாயாருக்கும், ஆறில் ஒன்று வீதம் உங்கள் மூவருக்கும் வந்தது. 2006 இல் தங்கை இறந்தபோது, அவருக்கு ஏற்கனவே வந்திருந்த ஆறிலொன்றில் பாதி அவர் கணவருக்கும் மறுபாதி மகனுக்கும் சேர்ந்தது. 2014 இல் தாயாரின் பாதி மூன்றாகப் பிரிந்து, தங்கைக்குரிய இடத்தில் அவர் மகன் நின்று ஆறிலொன்றைப் பெற்றார். கூட்டிப் பாருங்கள்: உங்களுக்குப் பன்னிரண்டில் நான்கு, தம்பிக்கு நான்கு, தங்கை மகனுக்கு மூன்று, தங்கையின் கணவருக்கு ஒன்று. அவர் மறுமணம் செய்திருந்தாலும் அந்த ஒரு பங்கு அவரை விட்டுப் போகவில்லை.

தங்கை சீதனம் பெற்றுவிட்டார் என்பதால் அவர் பங்கு அற்றுப்போகும் என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பொதுச் சட்டத்தில் அதற்கு இடமில்லை. ஆனால் உங்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சட்டம் புறக்கணிக்கவில்லை. திருமணத்தின்போது பெற்றோரிடமிருந்து மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பெற்ற பிள்ளை, பெற்றோர் அதை வெளிப்படையாகவோ உட்கிடையாகவோ விலக்கியிருந்தால் அன்றி, அதைப் பொதுக் கணக்கில் சேர்த்த பின்னரே பங்கு கோரலாம் என்று அதே கட்டளைச்சட்டம் கூறுகிறது. எனவே பாலையூற்றுக் காணியின் சீதன உறுதியைத் தேடி எடுங்கள். தங்கை மகனோடு உட்கார்ந்து பேசுவதற்கு அது அடிப்படையாகும். வீட்டில் நீண்டகாலம் இருந்ததால் முழுவதும் உங்களுடையதாகிவிட்டது என்று யாரேனும் ஆலோசனை சொன்னால் நம்பாதீர்கள். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டம் பத்து வருட காலத்தைக் கூறினாலும், கூட்டுரிமையாளர் ஒருவரின் ஆட்சி எல்லோர் சார்பிலுமான ஆட்சியாகவே கொள்ளப்படும்; மற்றவர்களின் உரிமையை மறுத்து வெளிப்படையாக நீங்கள் நடந்துகொண்டதற்கு ஆதாரம் இல்லாமல் நீதிமன்றம் அதை ஏற்காது. தாயை இழந்த அந்த மகனுக்குத் தந்தை இருக்கிறார், ஆனால் தாய்வழி உறவு என்று இங்கே எஞ்சியிருப்பது நீங்கள்தான். அப்படி ஒரு வழக்கில் வெல்வதைவிட, அவரோடு உறவைக் காத்துக்கொள்வது மேல் என்பது என் எண்ணம்.

தம்பி "என் பாதியை எழுதிக் கொடுக்கிறேன்" என்று எந்த மொழியில் எழுதினாலும், அவருக்குள்ள மூன்றிலொன்றே கைமாறும். இல்லாத பங்கை எவராலும் கொடுக்க முடியாது. உங்கள் மகளும் மருமகனும் முழு வீடு தங்களுடையது என்று நம்பி மேல்மாடி கட்டிய பிறகு, தமிழ்நாட்டிலிருந்து இருவர் வந்து மூன்றிலொன்றைக் கேட்டால், 1977 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் நீண்டகாலம் இழுபடும் வழக்குத்தான் மிஞ்சும்.

ஆகவே நான்கு பேரும் ஒரே உறுதியில் சேர்வதுதான் வழி. தம்பி வொஷிங்டனிலுள்ள இலங்கைத் தூதரகத்திலோ லொஸ் ஏஞ்சலிஸ் துணைத்தூதரகத்திலோ விசேட அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் இங்கே கையெழுத்திட ஒருவருக்கு அதிகாரம் தரும் ஆவணம்) ஒன்றில் கையெழுத்திடலாம். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சென்னையிலுள்ள இலங்கைப் பிரதி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. அற்றோணித் தத்துவத்தில் காணியின் எல்லைகள், விஸ்தீரணம், உறுதி இலக்கம் ஆகியவற்றுடன், யாருக்கு என்ன பங்கை நன்கொடையாக எழுத அதிகாரம் தரப்படுகிறது என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். விற்பதற்கு மட்டும் அதிகாரம் தரும் தத்துவத்தைக் கொண்டு நன்கொடை எழுத முடியாது. அதிகாரம் பெறுபவர் உங்கள் மகளாகவோ மருமகனாகவோ இருக்கக் கூடாது. தனக்குத் தானே எழுதிக்கொள்பவரை நீதிமன்றம் சந்தேகத்துடனேயே பார்க்கும். தத்துவம் இங்கே பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதியப்பட வேண்டும். கொடுத்தவர் இறந்தால் அதன் அதிகாரமும் முடிந்துவிடும் என்பதால், பெற்ற பின் வருடக்கணக்கில் பெட்டியில் வைத்திருக்காதீர்கள். தம்பி அமெரிக்கக் குடிமகனாக இருப்பது தன் பங்கைக் கொடுப்பதற்குத் தடையல்ல. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துவது வெளிநாட்டவர் காணி பெறுவதையே. ஆனால் அவர் பங்கின் பெறுமதி அங்குள்ள வருடாந்த விலக்கெல்லையைத் தாண்டினால், அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு 709 ஆம் இலக்கப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். 2025 இல் அந்த எல்லை, நன்கொடை பெறும் ஒருவருக்கு 19,000 டொலர். பெரும்பாலானோர் அறிவித்தால் போதும், வரி கட்ட வேண்டியிராது; எனினும் அவர் தன் கணக்காளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோரின் மொத்தச் சொத்துப் பெறுமதி சட்டம் குறிக்கும் எல்லையைத் தாண்டினால், உறுதி எழுதுவதற்கு முன் மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கை நடத்தி நிருவாகக் கடிதம் (இறந்தவரின் சொத்தை நிருவகிக்க நீதிமன்றம் தரும் அதிகாரம்) பெறவேண்டும். இதை உங்கள் சட்டத்தரணியிடம் முதலில் கேளுங்கள்.

இப்போது, யார் பேரில் எழுதுவது என்ற உங்கள் உண்மையான கேள்வி. இருவர் பேரிலும் எழுதி, பங்கைக் குறிப்பிடாமல் விட்டால், ஆளுக்குப் பாதி வீதம் பிரிக்கப்படாத பங்காகவே கருதப்படும். ஒருவர் இறந்தால் அவர் பாதி தானாக மற்றவருக்குச் சேராது, வாரிசுகளுக்குப் போகும். பொதுச் சட்டப்படி, மகள் பிள்ளையில்லாமல் இறந்தால் அவளுடைய பாதியில் பாதி மருமகனுக்கும் எஞ்சியது அவளுடைய பிறந்த வீட்டுப் பக்கத்துக்கும் செல்லும். மருமகன் இறந்தால் அவருடைய பாதியில் ஒரு பகுதி அவருடைய பெற்றோர், சகோதரர் பக்கம் செல்லக்கூடும். எஞ்சியிருப்பவருக்கே முழுவதும் சேரவேண்டும் என்பது உங்கள் விருப்பமானால், அதை இருவரும் தனித்தனியே மரணசாதனத்தில் எழுதலாம். அல்லது அதற்கான நிபந்தனையைத் திறமையான நொத்தாரிசைக் கொண்டு உறுதியிலேயே எழுதுவிக்கலாம். எழுதாமல் அது நடக்காது.

மருமகன் பருத்தித்துறையைச் சேர்ந்தவர் என்ற தகவல் மிக முக்கியமானது. வட மாகாணத்தில் நிரந்தர வாழ்விடம் கொண்ட தமிழர்களுக்குத் தேசவழமை பொருந்தும். தேசவழமைக்கு உட்பட்ட ஆணைத் திருமணம் செய்யும் பெண், அவள் எந்த ஊரவளாயினும், அந்தத் திருமணம் நீடிக்கும்வரை அதற்கு உட்படுகிறாள் என்று 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் மற்றும் வாரிசுரிமைக் கட்டளைச்சட்டம் கூறுகிறது. அப்படியானால், நீங்கள் மகள் பேரில் மட்டும் எழுதினாலும், அந்த வீட்டை விற்கவோ ஈடு வைக்கவோ அவளுக்குக் கணவனின் எழுத்து மூலமான சம்மதம் தேவை. கணவன் காரணமின்றி மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். கணவனுக்கு மனைவியின் சம்மதம் தேவைப்படாத இந்த ஏற்பாடு நீதியானது என்று நான் கருதவில்லை. ஆயினும் இன்றுவரை அதுவே சட்டம். வாரிசுரிமையும் அங்கே வேறு வழியில் செல்லும். திருமண காலத்தில் விலை கொடுத்துத் தேடிய தேடியதேட்டத்துக்குள்ள விதிகள், நன்கொடையாக வந்த சொத்துக்குப் பொருந்தா. மருமகன் பிறந்த ஊர் மட்டும் இதைத் தீர்மானிக்காது. அவர் எங்கே நிரந்தரமாக வாழ எண்ணியிருக்கிறார் என்பதே தீர்மானிக்கும். ஆகவே உறுதி எழுதுமுன் இந்த விபரங்களை நொத்தாரிசிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், நமது கிழக்கிலே தாய்வீடு மகளுக்கே என்ற மரபு நெடுங்காலமாக மகளைக் காத்துவந்திருக்கிறது. மருமகன் எவ்வளவு நல்லவராயினும், மகளுக்கு ஒரு கூரை தனியாக அவள் பேரில் இருப்பதை நான் விரும்புவேன். மருமகன் தன் உழைப்பையும் பணத்தையும் அந்த வீட்டில் செலவிடப்போகிறார் என்றால், அவருக்குரிய பங்கை இன்ன வீதம் என்று இலக்கத்தில் எழுதுங்கள். எப்படி எழுதினாலும், உங்களுக்கும் மனைவிக்கும் சீவிய உரித்தை, அதாவது வாழ்நாள்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, ஒதுக்கிக்கொள்ள மறவாதீர்கள். நன்கொடையை மகளும் மருமகனும் ஏற்றுக்கொள்வதாக உறுதியிலேயே கையெழுத்திட வேண்டும். ஏற்கப்படாத நன்கொடை நிறைவுறாது. பின்னர் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் தாமதமின்றிப் பதிவு செய்யுங்கள். பதியப்படாத நன்கொடையை, பின்னாளில் பணம் கொடுத்து வாங்கிப் பதிவு செய்தவரின் உறுதி தோற்கடித்துவிடும்.

கேள்வி: நானும் கணவரும் அரச ஊழியர்கள். வங்கிக் கடனில் வீடு வாங்கி, இருவர் சம்பளத்திலும் கட்டிவருகிறோம். உறுதி கணவர் பேரில் மட்டும் இருக்கிறது. என் பெயரையும் அதே உறுதியில் சேர்த்துவிடலாம் என்று ஒருவர் சொன்னார். சரியா?
(ஆசிரியை, உவர்மலை)

பதில்: எழுதி முடித்த உறுதியில் பெயரைச் சேர்க்க எந்த நொத்தாரிசாலும் முடியாது. கணவர் தன் முழு உரிமையில் பிரிக்கப்படாத அரைப்பங்கை உங்களுக்கு நன்கொடையாகப் புதிய உறுதியில் எழுத வேண்டும். கணவன் மனைவிக்கு நன்கொடை எழுதத் தடையில்லை. கடன் கொடுத்தவர்களிடமிருந்து தப்புவதற்காக எழுதியிருந்தால் மட்டும் நீதிமன்றம் அதை நீக்கலாம். வீடு வங்கிக்கு ஈடாக இருப்பதால் வங்கியின் எழுத்து மூலமான சம்மதத்தை முதலில் பெறுங்கள். ஈட்டு உறுதியின் நிபந்தனையை மீறினால் கடன் முழுவதையும் உடனே கேட்கும் உரிமை வங்கிக்கு இருக்கக்கூடும். முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குச் சேரும் வருமானம். அது காணியின் சந்தைப் பெறுமதியில் கணக்கிடப்படும்.

உறுதியில் பெயர் வரும்வரை, உங்கள் கணக்கிலிருந்து கடனுக்குச் சென்ற ஒவ்வொரு தொகைக்கும் வங்கிக் கூற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஒருவர் பணம் கொடுத்து மற்றொருவர் பேரில் சொத்து வாங்கப்பட்டால், பணம் கொடுத்தவருக்காக அது நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கப்படுவதாகக் கொள்ளும் நிலைமைகளை 1917 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புகள் கட்டளைச்சட்டத்தின் 84 ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் கணவன் மனைவிக்கிடையில் அதை நிரூபிப்பது கடினம். நல்லுறவு இருக்கும்போதே அரைப்பங்கை எழுதிக்கொள்வது, உறவு கெட்ட பின் ஆதாரம் தேடுவதைவிட எவ்வளவோ இலகு.

கேள்வி: தம்பலகாமத்தில் எனக்கு அரச அனுமதிப்பத்திர வயல் இருக்கிறது. அதை மகனுக்கும் மருமகளுக்கும் நொத்தாரிசு மூலம் எழுதலாமா?
(விவசாயி, தம்பலகாமம்)

பதில்: எழுத முடியாது. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியின் உரிமை இன்னும் அரசிடமே இருக்கிறது. அந்த வயலை நொத்தாரிசிடம் எழுதினால் பணமும் போய், அனுமதிப்பத்திர நிபந்தனையை மீறிய குற்றச்சாட்டும் வரலாம். அளிப்புப் பத்திரம் பெற்றவர்களும் பிரதேச செயலாளரின் முன் சம்மதமின்றிக் கைமாற்ற முடியாது. நீங்கள் செய்யக்கூடியது, பின்னுரித்தாளர் ஒருவரைப் பெயர் குறித்து நியமித்து, அதைப் பிரதேச செயலகத்தில் பதிவு செய்வது. எவரையும் நியமிக்காமல் இறந்தால் சட்டத்தின் அட்டவணை தீர்மானிக்கும். முன்பு ஆண் பிள்ளைகளுக்கு முன்னுரிமை தந்த அந்த அட்டவணை 2022 இல் திருத்தப்பட்டு, ஆண் பெண் வேறுபாடு நீக்கப்பட்டிருக்கிறது. மனைவி உயிரோடிருந்தால், உங்களுக்குப் பின் அவர் வாழ்நாள்வரை அனுபவிக்கும் உரித்தும் இருக்கிறது என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

கேள்வி: என் வாப்பா எனக்கும் கணவருக்கும் வீட்டை நன்கொடையாக எழுதித் தந்தார். இப்போது சகோதரர்கள், இஸ்லாமிய முறைப்படி அதை வாப்பா திருப்பி எடுக்கலாம் என்கிறார்கள். உண்மையா?
(வாசகி, கிண்ணியா)

பதில்: உறுதியை எடுத்து, "மீளப்பெற முடியாதது" என்ற கருத்துள்ள வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைக் கட்டளைச்சட்டப்படி, முஸ்லிம் ஒருவர் எழுதும் சாதாரண நன்கொடைக்கு அவர் சார்ந்த பிரிவின் இஸ்லாமியச் சட்டம் பொருந்தும்; மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்பட்டிருந்தால் அன்றி, நன்கொடை அப்படிக் கருதப்படாது. உறுதியை உங்களிடம் ஒப்படைத்தமை, வீட்டின் ஆட்சியை ஒப்படைத்தமைக்குச் சான்றாக ஏற்கப்படும். ஆகவே மூல உறுதி உங்கள் கையில் இருப்பது முக்கியம். அந்த வாசகம் இல்லாவிட்டால், வாப்பா உயிரோடும் நல்ல மனத்தோடும் இருக்கும்போதே அதைச் சரிசெய்யும் உறுதி ஒன்றை அவர் எழுதுவதே நல்லது. சகோதரர்களின் முன்னிலையில், அவர்களுக்குத் தெரிந்தே அதைச் செய்யுங்கள்; இரகசியமாகச் செய்தவை பின்னர் வழக்காகின்றன.

கேள்வி: எனக்கு 71 வயது. கணவர் இறந்த பின், எனக்குரிய வீட்டை மகனுக்கும் மருமகளுக்கும் நன்கொடையாக எழுதினேன். சீவிய உரித்து எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அப்படி ஒன்று இருப்பதை எவரும் எனக்குச் சொல்லவும் இல்லை. இப்போது பின்னறையில் இருக்கிறேன். சாப்பாடு ஒழுங்காகத் தருவதில்லை. மருமகள் கையோங்கியிருக்கிறாள். வீட்டை விட்டுப் போகச் சொல்கிறார்கள். எனக்கு வழி இருக்கிறதா?
(பெயர் வெளியிட விரும்பாத தாய், திருகோணமலை)

பதில்: இருக்கிறது, அம்மா. நீங்கள் செய்தது தவறல்ல. உங்களுக்கு உறுதியை வாசித்து விளக்கியிருக்க வேண்டியவர்கள் தங்கள் கடமையைச் செய்யவில்லை. கலங்காமல் இதைப் படியுங்கள், அல்லது நம்பிக்கையான ஒருவரைக் கொண்டு வாசிப்பித்துக் கேளுங்கள்.

மீளப்பெற முடியாத நன்கொடையையும், பெற்றவர் கடுமையான நன்றிகெட்ட செயல் புரிந்தால் இரத்துச் செய்விக்க நம் சட்டம் இடமளிக்கிறது. அடிப்பது, உயிருக்கு அச்சுறுத்துவது, பெற்ற தாயை உணவின்றி வருந்தவிடுவது ஆகியவை நீதிமன்றம் கவனமாக எடைபோடும் செயல்கள். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தின் பின்னர், நீங்களாகவே நொத்தாரிசிடம் சென்று இரத்து உறுதி எழுத முடியாது; மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தீர்ப்புப் பெற வேண்டும். இதற்குச் சட்டம் காலவரம்பு விதித்திருப்பதால் நாட்களைக் கடத்தாதீர்கள். உங்கள் உறுதி இருவருக்கும் எழுதப்பட்டதால், மகனின் பங்கை நீக்க மகனின் நடத்தையையும், மருமகளின் பங்கை நீக்க மருமகளின் நடத்தையையும் தனித்தனியே நிரூபிக்க வேண்டியிருக்கும். ஆகவே யார், எந்த நாளில், என்ன செய்தார், யார் பார்த்தார் என்று குறித்துவையுங்கள். காயம் ஏற்பட்டால் அரச வைத்தியசாலைக்குச் சென்று பதிவு செய்விக்கவும். பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்து அதன் பிரதியைக் கேட்டு வாங்கவும்.

அதுவரை உங்களை வீட்டிலிருந்து வெளியேற்றாதிருக்க, 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கோரலாம். பெற்றோருக்கும் அந்தச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. மகனிடமிருந்து பராமரிப்புச் செலவு பெறுவதற்கு, 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த பராமரிப்புச் சபையிடம் விண்ணப்பிக்கலாம். பிரதேச செயலகத்திலுள்ள முதியோர் உரிமைகள் உத்தியோகத்தரிடம் சென்றால் விண்ணப்பத்தை எழுத உதவுவார். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்காடும் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். போகும்போது அடையாள அட்டை, நன்கொடை உறுதியின் பிரதி, கணவர் பேரிலிருந்த பழைய உறுதிகள், அவருடைய மரணச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். உறுதியின் பிரதி கையில் இல்லாவிட்டாலும் கவலையில்லை. காணிப் பதிவகத்தில் கட்டணம் செலுத்தி அத்தாட்சிப்படுத்திய பிரதி பெறலாம்.

மகனோ மருமகளோ இப்போது நீட்டும் எந்தத் தாளிலும், அது மின்சாரச் சபைக்கான கடிதம் என்று சொன்னாலும், கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைக்காதீர்கள். வழக்குத் தொடுத்த அன்றே, அந்த வழக்கு நிலுவையிலிருப்பதைக் காணிப் பதிவகத்தின் ஏட்டில் பதிவு செய்யும்படி உங்கள் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அதற்குப் பிறகு அவர்கள் வீட்டை விற்றாலும், வாங்கியவர் உங்கள் வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவராவார்.